எந்தச் சபையம்மா நீங்க?

(‘வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவர்களின் வழிபாடு’ என்ற பொருளில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கில் நான் கேள்வி கேட்கும் பக்கம் உட்காருவேன். இன்று பதில் சொல்லும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நாற்காலி ஒரே மாதிரிதான். ஆனால் இந்தப் பக்கம் கொஞ்சம் சுடுகிறது.

எனக்கு முன் பேசிய ஐயா, எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பிள்ளையார் கோயிலோ மாரியம்மன் கோயிலோ கண்ணில் பட்டுவிடும், கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம் என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, குறிப்பிட்ட மணி, கூடி வரும் சபை என்று எல்லாம் ஒத்து வர வேண்டும். தொலைக்காட்சிக்காரர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் படப்பிடிப்பு நாள்.

நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். இதைச் சொன்னதும் நம்மவர்கள், “அப்படின்னா ஆர்.சி.யா, பெந்தெகொஸ்தா?” என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. ஜெர்மனியில் 1517ஆம் ஆண்டு மார்ட்டின் லுத்தர் தொடங்கி வைத்த சீர்திருத்தத்தின் வழி வந்தவர்கள் நாங்கள். தமிழர்களுக்கு இது ஒன்றும் புது உறவு அல்ல. 1706 ஜூலை 9ஆம் நாள் டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்க், புளுட்சாவ் என்ற இரண்டு இளைஞர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அந்தச் சபையின் பிள்ளைகள்தான் பின்னாளில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால், 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

மலேசியாவில் மட்டும் நான்கு லுத்தரன் திருச்சபைகள் இருக்கின்றன. எங்களுடையது தமிழர்களால் உருவானது. 1950களில் சீனர்களின் புதுக்கிராமங்களில் தொடங்கியது இன்னொன்று. சபாவில் ஹக்கா சீனர்களின் பாசல் சபை ஒன்று, ரூங்குஸ் மக்களிடையே வளர்ந்த புராட்டஸ்டன்ட் சபை ஒன்று. சிங்கப்பூரில் இருப்பது 1997 முதல் தனிச் சபை. ஆகவே நான் ஊர் ஊராகப் போகும்போது தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். தேட வைத்தவர் என் அப்பா.

2012இல் எனக்குப் பயண நிகழ்ச்சி கிடைத்தது. முதல் வெளியூர் வேலைக்குப் பெட்டி கட்டும்போது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். “இன்னிக்கி எங்கம்மா போனே?” என்றார். போகவில்லை என்றேன். “சரி” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை இரவே ஹோட்டல் வரவேற்பாளரிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். ஞாயிறு மாலை அப்பாவின் கேள்விகள் இரண்டேதான்: “எங்க போனே? என்ன வசனம்?” பிரசங்கத்துக்கு எடுத்த வசனத்தைச் சொன்னால் போதும், பேச்சு சாப்பாட்டுக்கும் மழைக்கும் போய்விடும்.

2013இல் சபாவின் வடக்கு முனைக்குப் போனோம். குடாட் வட்டாரத்தில் சுமாங்காப் என்றொரு கிராமம். அங்கே வீட்டுக்கு வீடு ‘கோங்’ செய்வார்கள். நம் சேகண்டியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதை நாள் முழுக்கப் படம் பிடித்தோம். மறுநாள் ஞாயிறு. பக்கத்தில் ஒரு ரூங்குஸ் சபை இருக்கிறது என்றார்கள். 1950களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் அந்த மக்களிடையே வேலையைத் தொடங்கியிருக்கிறது. தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம். ஆராதனை மலாய் மொழியில். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பாட்டு தெரியாது, எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்பதும் தெரியாது. எல்லாரும் எழுந்த பிறகு எழுந்தேன், உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தேன். பரமண்டல ஜெபம் வந்தபோதுதான் மூச்சு வந்தது. அவர்கள் மலாயில் சொல்ல, நான் வாய்க்குள் தமிழில் சொன்னேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்தன.

வெளியே வந்தால், ஒரு மாமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எதையோ ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். ஞானோபதேசம்! லுத்தர் 1529இல் வீட்டுத் தலைவர்களுக்காக எழுதிய சின்னப் புத்தகம் அது. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், ஜெபம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டே போகும். நான் 13 வயதில் அப்பா எதிரே நின்று அதைத் தமிழில் ஒப்புவித்தவள். யோசித்துப் பார்த்தால் என் முதல் கேள்வி பதில் நிகழ்ச்சியே அதுதான். அறிவிப்பாளர் அப்பா, சிக்கிக்கொண்ட விருந்தினர் நான். அந்தப் பையன்களில் ஒருவன் நடுவில் மறந்துபோய்க் கூரையைப் பார்ப்பதுபோல் மரத்தைப் பார்த்தான். நானும் அதே இடத்தில்தான் மறப்பேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது எங்கள் ஒளிப்பதிவாளர் ஒரு கேள்வி கேட்டார். அவர் மலாய்க்காரர். அபாங் என்றுதான் கூப்பிடுவேன். “நான் எந்த ஊருக்குப் போனாலும் ஹோட்டல் அறையில் கிப்லா குறி ஒட்டியிருக்கும். எந்தப் பள்ளிவாசலுக்குள் போனாலும் அதே தொழுகை, அதே அரபு. உனக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு இடத்திலும் வேறு மாதிரி இருக்கிறது? எல்லாம் ஒரே சபை என்கிறாயே?” என்றார்.

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் எங்கள் குருவானவரிடம் கேட்டேன். ஐயா அலமாரியிலிருந்து ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை எடுத்தார். 1530இல் ஜெர்மானியப் பேரரசரின் முன்னால் லுத்தரன்கள் வாசித்துக் காட்டிய ஆவணம் அது. அதன் ஏழாவது பிரிவில், நற்செய்தியும் சாக்கிரமெந்துகளும் ஒத்திருந்தால் போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்ற கருத்து இருக்கிறது. அதாவது வேறு மாதிரி இருப்பதற்கு எழுதி வைத்த அனுமதியே இருக்கிறது! அபாங்கிடம் போய் இதைச் சொன்னேன். “அப்போ உனக்கு ஒவ்வொரு வாரமும் பரீட்சை” என்று சிரித்தார். உண்மைதான்.

அந்தப் பரீட்சையில் நான் நன்றாகத் தோற்ற இடம் மேடான். 2014 மே மாதம், சுமத்ராவில் வாழும் தமிழர்களைப் பற்றி ஒரு தொடர் எடுக்கப் போனோம். கம்போங் மெட்ராஸில் 1884ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில், புறநகரில் 2005இல் திறந்த அன்னை வேளாங்கண்ணி ஆலயம் என்று வேலை நிறைய இருந்தது. வேளாங்கண்ணி ஆலயத்தில் ஞாயிறு காலை 10 மணிக்குப் படப்பிடிப்பு. அதற்கு முன் பாத்தாக் மக்களின் ஆராதனை ஒன்றுக்குப் போய்விடலாம் என்று காலையிலேயே கிளம்பினேன்.

பாத்தாக் மக்களின் எச்.கே.பி.பி. திருச்சபை ஆசியாவின் மிகப் பெரிய லுத்தரன் சபைகளில் ஒன்று. 1861 அக்டோபர் 7ஐத் தங்கள் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஜெர்மனியின் ரைன் மிஷனைச் சேர்ந்த நோமென்சன் அவர்களிடையே வாழ்ந்து 1918இல் அங்கேயே காலமானவர். வாசலில் கையில் கொடுத்த தாளைப் பார்த்தேன். ‘ரோகாத்தே ஞாயிறு’ என்று போட்டிருந்தது. உயிர்த்தெழுந்த திருநாளுக்குப் பின் வரும் ஐந்தாம் ஞாயிறுக்கு லத்தீன் பெயர் அது. ஜெர்மனியில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ரோமாபுரியிலிருந்து ஜெர்மனி போய், அங்கிருந்து தோபா ஏரிக் கரைக்கு வந்து, இப்போது என் கையில் இருக்கிறது! ஒரு சொல்லுக்கு இத்தனை பயணம் வாய்த்திருக்கிறதே, நாம் என்ன பெரிய பயணம் போகிறோம் என்று தோன்றியது.

பாட்டு ஆரம்பித்ததும் கூரை கொஞ்சம் மேலே போய்விட்டது என்றே நினைத்தேன். பாடகர் குழு தனியாக இருந்தது. ஆனால் சாதாரண ஜனங்களே நான்கு குரலில் பிரித்துப் பாடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து அந்த நேரத்தில் செய்கிற காரியம் அல்ல அது. என் பக்கத்தில் கெபாயா உடுத்திய ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். ‘ஓப்புங்’ என்று பேரப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டியே தாழ்ந்த குரலைப் பிடித்து அசைக்காமல் நின்றார்.

காணிக்கைப் பை வந்தது. என்னிடம் இருந்த ரூபாய்த் தாள்களை எல்லாம் மொத்தமாகப் போட்டுவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. பின்னாலேயே இன்னொரு பை வந்தது! கை காலி. பையைப் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர் நெருங்க நெருங்க எனக்கு வியர்த்தது. ஓப்புங் தலையைக்கூடத் திருப்பவில்லை. என் உள்ளங்கையில் மடித்த 2,000 ரூபாய்த் தாள் ஒன்றை வைத்து அழுத்தினார். போட்டேன். அதற்குப் பிறகு மூன்றாவது பையும் வந்தது. மறுபடியும் அதே மாதிரி ஒரு தாள். நம்ம ஊர்க் காசுக்கு ஒரு வெள்ளிகூட வராது அது. ஆனால் அந்தப் பாட்டி இரண்டு தாள்களையும் முன்கூட்டியே மடித்து வைத்திருந்தார்.

பிறகு அறிவிப்புகள். கல்யாணங்களை வாசித்தார்கள், பையன் பெயர், பெண் பெயர், பெற்றோர் பெயர், குலப்பெயர் என்று. குலப்பெயரை அவர்கள் ‘மார்கா’ என்பார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஓப்புங் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: உன் மார்கா என்ன? எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, மலேசியத் தமிழச்சி என்றேன். சரி, எந்தச் சபை என்றார். பேராக்கில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை என்றேன். “அங்கே உன்னை எதிர்பார்ப்பார்களே?” என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்தவள் நான். அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

சிங்கப்பூரில் நான் போன சபையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. குளிர்சாதனம், பெரிய திரை, கித்தார், முடிந்ததும் நல்ல காப்பி. புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கச் சொன்னார்கள். மேடையில் நின்றே பிழைக்கிற எனக்குக் கால் நடுங்கியது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் தமிழ்ச் சபைகளுக்குள் போனால் என்னைத் தெரியும். முன் பெஞ்சில் உட்கார வைப்பார்கள், முடிந்ததும் படம் எடுத்துக்கொள்வார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஆராதனை முழுக்க, முகத்தை நல்லபடியாக வைத்துக்கொள்ள வேண்டுமே என்ற நினைப்பே ஓடும். குடாட்டிலும் மேடானிலும் என்னை யாருக்கும் தெரியாது. அது எனக்குப் பிடித்துப்போனது. போகப் போக, ஊரில் இருக்கும் ஞாயிறுகளில்கூட “அசதியாக இருக்கிறது” என்று என் சொந்தச் சபைக்குப் போவதைத் தவிர்த்தேன். விருந்தாளியாகப் போவதில் ஒரு சுகம் இருக்கிறது நேயர்களே. யாரும் உங்களிடம் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல மாட்டார்கள். கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். காப்பிக் கோப்பை கழுவச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் சபையில் கூரை ஒழுகத்தான் செய்தது. தோட்டத்தில் பலகை ஆலயமாக இருந்த காலத்தில் நூறு பேர் வருவார்கள் என்று அப்பா சொல்வார். தோட்டம் துண்டுபட்டது, செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு வந்தது. சனங்கள் தாமான்களுக்குக் குடி போனார்கள். சபை ஒரு கடைவீட்டு மாடிக்கு மாறியது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போனார்கள். இருக்கிறவர்களிலும் பாதிப் பேர் ஆங்கில ஆராதனை தேடிப் போனார்கள். அப்பா மூப்பராக இருந்து ஞாயிறுதோறும் ஏழரை மணிக்கே போய் நாற்காலி அடுக்குவார். அந்த நாற்காலிகளில் ஒன்று எனக்கு என்பதை நான் யோசித்ததில்லை.

2018இல் தமிழ்நாட்டுக்குப் போனோம், நம்மவர்களின் பூர்வீக ஊர்களைத் தேடும் ஒரு தொடருக்காக. ராஜுலா கப்பல் நின்று போன நாகப்பட்டினத்தில் இரண்டு நாள். அங்கிருந்து கடற்கரை ஓரமாகவே வடக்கே போனால் தரங்கம்பாடி. புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடித்து அது 300ஆவது வருடம். முகப்பில் டென்மார்க் மன்னரின் முத்திரையும் 1718 என்ற எண்ணும் இருக்கின்றன. கட்டி முடித்த சில மாதங்களில், 1719 பிப்ரவரியில், சீகன்பால்க் 36 வயதில் இறந்துபோனார். பலிபீடத்தின் அருகிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன், என்ன கட்டி முடித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஞானப்பாட்டு ஆரம்பித்தது. ராகம் ஜெர்மனியது, வார்த்தை தமிழ். அந்தப் பாட்டை நான் தோட்டத்துப் பலகை ஆலயத்தில், அப்பா மடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தன் முந்தானையை நீட்டினார். “வெளிநாட்டுப் பிள்ளையா? எல்லாரும் இங்க வந்து அழத்தான் செய்வாங்க” என்றார், மீன் விலை சொல்கிற மாதிரி.

அதே பயணத்தில் அடுத்த ஞாயிறு வேறொரு ஊர். ஊர் பெயர் வேண்டாம். அதுவும் லுத்தரன் சபைதான், ஆனால் வேறொரு மிஷன் வழி வந்தது. அன்று திருவிருந்து. எல்லாரும் எழுந்து போனார்கள், நானும் போனேன். வரிசையில் நின்ற என்னிடம் ஒரு பெரியவர் மெதுவாக வந்தார்.

“எந்தச் சபையம்மா நீங்க?”

“மலேசியாங்க. லுத்தரன் சபைதான்.”

“உங்க குருவானவர்கிட்ட இருந்து கடிதம் ஏதும் கொண்டு வந்திருக்கீங்களா?”

“இல்லீங்களே.”

“அப்ப கொஞ்சம் உட்கார்ந்திருங்கம்மா. தப்பா நினைக்காதீங்க.”

போய் உட்கார்ந்தேன். அத்தனை பேரும் என்னைத் தாண்டித்தான் திரும்பி வந்தார்கள். முகம் எரிந்தது. நாலு நாட்டில் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், என் தாய்மொழி பேசுகிற ஊரில் வரிசையிலிருந்து திருப்பி அனுப்பினார்களே என்று. அன்று மாலை அப்பா வசனம் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அப்பா கேட்டுவிட்டு, “அவர் செஞ்சதுல தப்பு ஒண்ணும் இல்லையே” என்றார்.

“என்னப்பா சொல்றீங்க?”

“உன்னை யாருன்னே அவருக்குத் தெரியாது. தெரியாம எப்படி உனக்குக் கொடுப்பாரு? எங்கப்பா காலத்துல திருவிருந்துக்கு சனிக்கிழமை சாயங்காலமே போய்ப் பேர் கொடுக்கணும். ரெண்டு வீட்டுக்குள்ள சண்டைன்னா, சமாதானம் ஆனப்புறம்தான் பேர் எழுதுவாரு ஐயரு.”

ஆக்ஸ்பர்க் அறிக்கையிலும் அது இருக்கிறது, முன்கூட்டி விசாரிக்கப்படாதவர்களுக்குத் திருவிருந்து கொடுப்பது வழக்கமில்லை என்று. பல சபைகள் காலப்போக்கில் அதைத் தளர்த்திவிட்டன. சில சபைகள், குறிப்பாக அமெரிக்காவின் மிசூரி சினாடு வழி வந்தவை, தங்களோடு உடன்படிக்கை உள்ள சபையாருக்கு மட்டும் கொடுக்கும் வழக்கத்தை இன்றும் வைத்திருக்கின்றன. அது சரியா என்று என்னைக் கேட்டால், இன்றைக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. திருப்பி அனுப்பப்பட்டவளுக்குத்தான் அந்த நடை எவ்வளவு தூரம் என்று தெரியும். ஆனால் அப்பா சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை. கடிதம் கேட்டால் யாரிடம் வாங்குவேன்? எங்கள் ஐயாவிடம் போய் நின்றால், “அம்மா, உன்னைப் பார்த்தே ஆறு மாசம் ஆச்சே” என்பார்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, எல்லா ஆலயமும் மூடியது. எங்கள் ஐயா கைப்பேசியில் ஆராதனை நடத்தினார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கைப்பேசியை மேசைமேல் நிறுத்தி வைத்து எழுந்து நின்று பாடினார். நானோ காலையில் சிங்கப்பூர், மத்தியானம் ஜெர்மனி என்று ஒரே நாளில் மூன்று நான்கு ஆராதனை பார்த்தேன். பெருமையாக அவரிடம் சொன்னபோது, “டிவி பாக்குறவங்க எல்லாம் உன் சொந்தக்காரங்களா?” என்று கேட்டார். என் தொழிலை வைத்தே என்னை மடக்கினார்.

2022 செப்டம்பரில் அப்பா காலமானார். நான் அப்போது தாவாவில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் சபையார் எல்லாம் செய்திருந்தார்கள். பெட்டி வாங்கியது யார், கூடாரம் போட்டது யார், விடிய விடியப் பாட்டுப் பாடி உட்கார்ந்திருந்தது யார் யார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. “தங்கச்சி, சாப்பிட்டியா?” என்று கேட்ட அண்ணனிடம், “நீங்க யாருங்க?” என்று கேட்க வேண்டியிருந்தது. அவர்தான் எங்கள் சபையின் பொருளாளர்.

பதினாறாம் நாள் அப்பாவின் அலமாரியைச் சுத்தம் செய்தோம். ஒரு பிஸ்கட் டின். திறந்தால் ரசீதுகள். எங்கள் சபையில் மாதச் சந்தா உண்டு. கட்டியவர்கள் பெயர்தான் பொதுக்கூட்டப் பட்டியலில் இருக்கும். ரசீதுகளில் அப்பா பெயரைக் காணோம். அவருடையது வேறு டின்னில் இருந்தது. இது முழுக்க முழுக்க என் பெயர். 2012 ஜனவரியிலிருந்து 2022 ஆகஸ்டு வரை மாதம் 10 ரிங்கிட். 128 மாதம். 1,280 ரிங்கிட். ஆலயம் மூடியிருந்த மாதங்களுக்குக்கூட, திறந்த பிறகு மொத்தமாகப் போய்க் கட்டியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஸ்டோர் கிராணிக்கு அது சின்னக் காசு இல்லை. நான் அவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்துதான் எடுத்திருப்பார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சில ரசீதுகளைத் திருப்பிப் பார்த்தால் பென்சிலில் எழுதியிருந்தார். குடாட், சங்கீதம் 121. மேடான், லூக்கா 11. தரங்கம்பாடி என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். ஞாயிறு மாலை போனில் நான் சொன்னதெல்லாம் அதில் இருந்தது.

ஒரு ரசீதின் பின்னால் ‘சண்டாக்கான்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

சண்டாக்கானில் நான் ஆராதனைக்குப் போகவில்லை. அங்கே பாசல் சபை இருக்கிறது என்பது தெரியும். முந்தின நாள் படப்பிடிப்பு அசதி, 11 மணி வரை தூங்கிவிட்டேன். மாலை போன் வந்தபோது, போனேன் என்று சொல்லி, போன மாதம் கேட்ட ஒரு வசனத்தை எடுத்துவிட்டேன். “போன மாசமும் இதானே?” என்றார். “ஆமாப்பா, இங்கேயும் அதான்” என்றேன். அத்தோடு விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன். விடவில்லை. கேள்விக்குறி போட்டு, சந்தாவையும் கட்டியிருக்கிறார்.

இத்தனை வருடம் நான் ஊர் ஊராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, “எல்லா இடமும் நம்ம சபைதான்” என்று பேட்டிகளில் வேறு சொல்லியிருக்கிறேன். எந்தச் சபை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பேராக்கில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை என்று சொன்னேனே, அந்தப் பதிலுக்கு மாதம் 10 ரிங்கிட் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்.

பயணத்தை நான் விடவில்லை. இது என் பிழைப்பு, பிடித்த வேலையும்கூட. தயாரிப்பாளரிடம் பேசி மாதத்தில் இரண்டு ஞாயிறு படப்பிடிப்பு வேண்டாம் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு மாதம் கிடைக்கும், ஒரு மாதம் கிடைக்காது. வெளியூர் போனால் இன்றும் சனிக்கிழமை இரவு விசாரிக்கிறேன். கைப்பையில் எங்கள் ஐயா எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.

எங்கள் சபையில் இப்போது முப்பது பேர் வருகிறோம். மழைக் காலத்தில் இருபத்தைந்து. என்னிடம் வாசலில் நிற்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள், வருகிறவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் கொடுப்பதற்கு. இரண்டு மாதத்துக்கு முன் ஓர் இளைஞர் மாடிப்படி ஏறி வந்தார். பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற இந்தோனேசியர். வெளியே மாட்டியிருக்கும் லுத்தரன் சபை பலகையைப் பார்த்து வந்திருக்கிறார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என்ன மார்கா என்று கேட்டேன். அசந்துபோய்ச் சிரித்துவிட்டார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தேன், தலைகீழாகப் பிடித்திருந்தார். காணிக்கைப் பை எங்களிடம் ஒன்றுதான் என்று விரலைக் காட்டிச் சொன்னேன்.

அன்று எங்களுக்குத் திருவிருந்து. வரலாமா என்று என்னைப் பார்த்துச் சைகையில் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. போய் ஐயாவிடம் காதில் சொன்னேன். ஐயா அங்கியோடு இறங்கி வந்து, மலாயில் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டார். எந்த ஊர், எந்தச் சபை. பிறகு அவர் தோளில் கை வைத்து முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

ஆராதனை முடிந்ததும் வருகையாளர் நோட்டில் அவர் பெயரை எழுதினேன். பக்கத்தில் ஊரையும் எழுதினேன். அன்றைய வசனத்தையும் எழுதி வைத்தேன்.